எஸ்23 புதுப்பித்ததா, ஏ17 புதியதா? ஆரி ரவிக்கையைப் படம் எடுக்க ஒரு போன் வேண்டும்

ஆரி ஊசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். குளித்தலையில் வீட்டிலேயே ஆரி வேலை செய்கிறேன். ரவிக்கை முடிந்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். பாதிப் பேர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் மீதிப் பணம் அனுப்புகிறார்கள். இப்போதிருக்கும் போனுக்கு நான்கு வயது. பேட்டரி உப்பி, பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை நிறம். வாடாமல்லித் துணி படத்தில் அரக்குச் சிவப்பாக வருகிறது. போன மாதம் ஒரு மணப்பெண்ணின் அம்மா, "நாங்கள் கொடுத்த துணியையே மாற்றிவிட்டாயா?" என்று கேட்டுவிட்டார். ரவிக்கையை நேரில் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் அடங்கினார்.

27,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். 2025 ஆகஸ்ட்டில் வந்த சாம்சங் ஏ17 5ஜி புதியது 18,999. திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் "ரீஃபர்பிஷ்டு" (புதுப்பித்தது) என்று சாம்சங் எஸ்23 வைத்திருக்கிறார்கள், 26,500, கடை வாரண்டி ஆறு மாதம். கணவர் புதியது என்கிறார். தம்பி எஸ்23 என்கிறான். இந்த ஒரு விஷயத்தில் மாமனும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன்

புதியதை வாங்குங்கள் சகோதரி. இது பொழுதுபோக்குக்கு வாங்கும் போன் இல்லை, தொழில் கருவி. தை பிறந்தால் முகூர்த்தம் வரிசையாக வரும். அந்த நேரத்தில் யாரோ இரண்டு வருடம் வேலை வாங்கிவிட்டுத் தள்ளிவிட்ட போன் படுத்துக்கொண்டால் ஆறு மாத வாரண்டிச் சீட்டை வைத்து என்ன செய்வீர்கள்? கடைக்காரர் "வைத்துவிட்டுப் போங்கள், நாலு நாளில் பார்க்கிறேன்" என்பார். ஏ17க்கு ஒரு வருடக் கம்பெனி வாரண்டி. ஆறு ஆண்டு அப்டேட். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி. எஸ்23இல் 3,900தான், அதுவும் தேய்ந்தது. மிச்சமாகும் ஏழாயிரத்துக்கு நூலும் ஜர்தோசிச் சுருள்கம்பியும் வாங்கலாம்.

சாலிடர் கம்பி

முதலில் ஒன்று. உப்பிய பேட்டரியோடு இருக்கும் போனை இனிமேல் சார்ஜில் போடாதீர்கள். தலைமாட்டில் வைத்துத் தூங்கவே கூடாது. உள்ளே இருப்பது வாயு. ஊசியால் குத்தி விடலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். பக்கத்தில் தெரிந்த கடை இருந்தால் இன்றே பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்னை ரிச்சி தெருவில் பதினான்கு வருடமாகப் போன் பிரித்துக்கொண்டிருக்கிறேன். "ரீஃபர்பிஷ்டு" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சரக்கு இருக்கிறது. முதல் வகை: தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கி, பேட்டரியும் மேல்கூடும் மாற்றி, ஒரு வருட வாரண்டியோடு விற்பது. ஆப்பிள் அமெரிக்காவில் இப்படி விற்கிறது. இரண்டாவது: பெரிய விற்பனையாளர்கள் எக்ஸ்சேஞ்சில் வந்ததைச் சோதித்து, பழுது இருந்தால் மட்டும் சரிசெய்து, தரம் பிரித்து விற்பது. மூன்றாவது: ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது டெம்பர் கிளாஸ் ஒட்டி, வெள்ளைப் பெட்டியில் போட்டது. கடைத்தெருவில் உங்கள் கண்ணில் படுவதில் பெரும்பாலும் மூன்றாவதுதான். அது வெறும் செகண்ட் ஹேண்ட். தப்பில்லை, ஆனால் செகண்ட் ஹேண்ட் விலைக்கு விற்க வேண்டும்.

அதனால் கடையில் "நன்றாக இருக்குமா?" என்று கேட்காதீர்கள். நன்றாக இருக்கும் என்றுதான் சொல்வார்கள். "இதில் எதைப் புதுப்பித்தீர்கள்?" என்று கேளுங்கள். பேட்டரி மாற்றினார்களா? காம்போ, அதாவது திரையும் தொடுகண்ணாடியும் சேர்ந்த பாகம், மாற்றினார்களா? மாற்றியிருந்தால் ஒரிஜினலா, காப்பியா? பதிலைப் பில்லில் எழுதித் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு முகம் மாறினால் அப்படியே படியிறங்கி வந்துவிடுங்கள்.

எஸ்23 போன் மோசம் என்று சொல்ல மாட்டேன். 2023 பிப்ரவரியில் இங்கே 74,999க்கு வந்தது. உள்ளே இருக்கும் ஸ்நாப்டிராகன் 8 ஜென் 2 இன்றைக்கும் ஏ17இன் சிப்பைத் தூக்கிச் சாப்பிடும். 256 ஜி.பி. கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் போட்டிருப்பது யூ.எஃப்.எஸ். 4.0 என்ற வேகமான சேமிப்புச் சிப், 128இல் அதற்கு முந்தைய 3.1. மெமரி கார்டு போட இடமும் இல்லை. உங்களைப் போல நாள் முழுக்கப் படம் எடுப்பவருக்கு 128 சீக்கிரம் நிரம்பும்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் மொத்த விலையைப் பேசுகிறீர்கள். மாதக் கணக்கில் பாருங்கள். எஸ்23க்குப் பாதுகாப்பு அப்டேட் ஐந்து ஆண்டு, அதாவது 2028 பிப்ரவரி வரை. இந்த 2025 டிசம்பரிலிருந்து எண்ணினால் 26 மாதம். 26,500ஐ 26ஆல் வகுத்தால் மாதம் 1,019 ரூபாய். ஏ17க்கு ஆறு ஆண்டு, அதாவது 2031 ஆகஸ்ட் வரை, 68 மாதம். மாதம் 279 ரூபாய். ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம். எஸ்23 பெட்டியில் புதிதாக வந்தபோதே சார்ஜர் கிடையாது.

சாலிடர் கம்பி

ஐயா, உங்கள் வகுத்தல் சரி. ஏ17ஐ ஆறு ஆண்டு ஒருவர் பொறுமையாக வைத்திருப்பார் என்பதுதான் எனக்கு நம்பிக்கை இல்லாத இடம். அந்த விலைப் போன்கள் மூன்றாம் ஆண்டிலேயே கேமராவைத் திறக்கச் சொன்னால் யோசித்துத்தான் திறக்கின்றன. மூன்று ஆண்டு என்று வையுங்கள், மாதம் 528. அப்போதும் எஸ்23 விலை அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு மடங்கு இல்லை.

அப்புறம், அப்டேட் நின்ற நாளில் போன் நின்றுவிடாது. வாட்ஸ்அப் பல ஆண்டு பழைய ஆண்ட்ராய்டிலும் ஓடுகிறது. ஆனால் அப்டேட் நின்ற போனில் வங்கிச் செயலியும் யூ.பி.ஐ.யும் வைத்துக்கொள்ள வேண்டாம். 2028க்குப் பிறகு பணத்தை வேறு போனுக்கு மாற்றிவிட்டு இதைக் கேமராவாக மட்டும் வைத்திருக்கலாம்.

கணக்குப்பிள்ளை

அப்படியென்றால் இரண்டு போன் வாங்கச் சொல்கிறீர்கள். அதையும் என் கணக்கில் ஏற்றலாமா?

நள்ளிரவு

அக்கா, இரண்டையும் விடுங்கள். புதுப்பித்த ஐபோன் 13 பாருங்கள். ஒரு பெரிய வசதி, போனே உண்மையைச் சொல்லிவிடும். செட்டிங்ஸில் "அபவுட்" பகுதிக்குப் போனால் பேட்டரி, திரை, கேமரா எது மாற்றப்பட்டது, அது கம்பெனி உதிரிபாகமா இல்லையா என்று காட்டும். மாடல் எண்ணின் முதல் ஆங்கில எழுத்து "எம்" என்றால் புதிதாக விற்றது, "எஃப்" என்றால் கம்பெனி புதுப்பித்தது, "என்" என்றால் பழுதுக்கு மாற்றாகக் கொடுத்தது. ஆண்ட்ராய்டில் இவ்வளவு வெளிப்படையாக இல்லை. ஒன்று மட்டும் கவனம்: ஐபோன் 14இலிருந்து அமெரிக்காவில் விற்றவற்றில் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய்ந்துவிடாதீர்கள்.

ஆரி ஊசி

தம்பி, ஐபோன் வேண்டாம். வீட்டில் எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு. மாமியார் என் போனில்தான் பேரனோடு வீடியோ கால் பேசுவார், புதிதாக ஒன்றைப் பழக்க என்னால் முடியாது. ஆனால் அந்தப் பகுதி காட்டுவது நல்ல ஏற்பாடு. சாம்சங்கில் அப்படி எதுவும் இல்லையா?

சாலிடர் கம்பி

அந்த அளவுக்கு இல்லை. ஆனால் எண்களைப் போடும் இடத்தில் *#0*# என்று அடித்தால் சோதனைத் திரை வரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாகத் திரையை நிரப்பிப் பாருங்கள். பழைய ஓலெட் திரையில் கீபோர்டின் நிழலோ மேலே கடிகாரத்தின் நிழலோ நிரந்தரமாகப் பதிந்திருந்தால் இந்த ஒற்றை நிறங்களில் தெரிந்துவிடும். மெல்லிய பச்சைக் கோடு ஒன்று மேலிருந்து கீழே ஓடினால் தொடவே வேண்டாம். அந்தக் கோடு நாளைக்கு இரண்டாகும், நாளை மறுநாள் நாலாகும். திரை மாற்றும் செலவுக்குச் சின்னப் போன் ஒன்றே வாங்கிவிடலாம்.

காப்பி காம்போ போட்டிருந்தால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எஸ்23இல் திரைக்குள்ளேயே கைரேகை. மலிவாகக் கிடைக்கும் மட்டமான திரைகளில் கைரேகை வேலை செய்யாது, அல்லது பத்துத் தடவைக்கு இரண்டு தடவை எடுக்கும். கடையிலேயே உங்கள் விரலைப் பதிந்து பாருங்கள்.

ஒரு தடவை பிரித்த போனுக்குத் தண்ணீர்க் காப்பு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.68 என்று அட்டையில் போட்டிருப்பது பெட்டி பிரித்த அன்றைய கதை.

பூவரசு

நான் பட்டதைச் சொல்கிறேன். இரண்டு வருடம் முன்பு தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடம் ஒரு போன் வாங்கினேன். பெட்டி, பில் எல்லாம் கொடுத்தார். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. ஒரு நாள் காலையில் திரை முழுக்க ஒரு கடன் நிறுவனத்தின் அறிவிப்பு, "தவணை பாக்கி, போன் பூட்டப்பட்டது" என்று. அந்த ஆள் தவணையில் வாங்கி, மூன்று தவணை கட்டிவிட்டு எனக்கு விற்றிருக்கிறார். பாக்கியை நான் கட்டினால்தான் திறக்கும் என்றார்கள். கட்டினேன். என் போனுக்கு இரண்டு தடவை பணம் கொடுத்தவன் நான். ஆகையால் பில்லில் கடன் நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் "பாக்கி இல்லை" என்ற சான்று கேளுங்கள்.

இன்னொன்று, *#06# அடித்தால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்ணை, சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்தப் பதினைந்து இலக்கம். இதை 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எந்தக் கம்பெனி, எந்த மாடல், எண் தடைசெய்யப்பட்டதா என்று பதில் வரும். சஞ்சார் சாத்தி என்ற அரசுத் தளத்திலும் பார்க்கலாம். 2023 மே மாதத்திலிருந்து தொலைந்த போனை நாடு முழுக்க யாரும் இப்படித் தடைசெய்ய வைக்க முடிகிறது. அப்படித் தடைசெய்த திருட்டுப் போன் என்றால் உங்கள் சிம்மைப் போட்டவுடன் போலீஸுக்குத் தெரியும். அவர்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில்தான்.

கணக்குப்பிள்ளை

எண்ணை அழித்து வேறு எண் போட்டுத் தரும் ஆட்களும் இருக்கிறார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். எண் மாற்றியது என்று தெரிந்தே வைத்திருப்பவருக்கும் அதே கதி. ஆகையால் பெட்டியில் உள்ள எண், திரையில் வரும் எண், பில்லில் எழுதும் எண், மூன்றும் ஒன்றாக இருக்கட்டும்.

பில் என்றதும் ஞாபகம் வந்தது. "பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஏறும், வேண்டாம் விடுங்கள்" என்று சில கடைகளில் சொல்வார்கள். புதுப் போனுக்கு 18 சதவீதம் சரி. பழைய பொருள் வாங்கி விற்பவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டும் முறை இருக்கிறது. 20,000க்கு வாங்கி 26,500க்கு விற்றால் வரி அந்த 6,500க்குத்தான். ஆகவே அந்தச் சாக்கை ஏற்க வேண்டாம். பில் இருந்தால்தான் நாளைக்கு நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்தாலும் ஏதாவது நடக்கும்.

மேலூர்க்காரன்

இவ்வளவு சோதனையும் செய்து வாங்க வேண்டிய பொருளை ஏன் வாங்க வேண்டும் என்பதுதான் நான் ஆரம்பத்திலிருந்து கேட்பது. கத்தரிக்காயைக்கூட இப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்து யாரும் வாங்குவதில்லை.

சாலிடர் கம்பி

எங்கள் அம்மா பார்ப்பார்.

பழைய ஸ்டுடியோ

அம்மா, முப்பது ஆண்டு கல்யாணப் படம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே யாரும் உங்கள் முதல் கேள்வியைத் தொடவில்லை. வாடாமல்லி சிவப்பாக வருவதற்குப் போன் பாதிக் காரணம்தான். எந்த வெளிச்சத்தில் எடுக்கிறீர்கள்? மாலையில், வேலை முடித்த பிறகு, கூடத்து எல்.இ.டி. டியூப் லைட்டில்தானே? மலிவான எல்.இ.டி.யில் ஆழ்ந்த சிவப்பு அலை குறைவு. அந்த வெளிச்சத்தில் வாடாமல்லி, ராணி கலர், அரக்கு மூன்றும் கேமராவுக்குக் குழப்பம்தான். போன் தானாக வெள்ளையை ஊகித்துச் சரிசெய்யும்போது இன்னும் கெடும். 75,000 ரூபாய் போனும் அங்கே தடுமாறும்.

காலை ஒன்பது மணிக்கு, வெயில் நேராக விழாத ஜன்னலோரம், பழுப்பேறாத வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ரவிக்கையை வைத்து எடுத்துப் பாருங்கள். இரவில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் அட்டையில் சி.ஆர்.ஐ. (நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று போட்ட பல்பு ஒன்று வாங்குங்கள். போனில் செலவழிப்பதற்கு முன்னால் பல்பில் செலவழியுங்கள்.

பிறகு ஒரு யோசனை. கடைக்குப் போகும்போது நூல்கண்டுகளையும் துணித் துண்டுகளையும் கையோடு கொண்டு போங்கள். இரண்டு போனிலும் அவற்றையே எடுத்துப் பாருங்கள். நாங்கள் பேசுவதைக் கேட்டு வாங்காதீர்கள்.

ஆரி ஊசி

ஐயா, டியூப் லைட்தான். நேரில் பார்த்ததுபோல் சொல்கிறீர்கள். இன்று காலை ஜன்னலோரம் வைத்து இந்த உப்பிய போனிலேயே ஒரு படம் எடுத்தேன், பேட்டரியைக் கழற்றக் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னால். முழுக்கச் சரியில்லை, ஆனால் அரக்கு போய் வாடாமல்லியின் சாடை வந்துவிட்டது. மூன்று வருடமாக எத்தனை பேரிடம் திட்டு வாங்கினேன்!

இதற்கிடையில் போனிலேயே மூன்று கடைகளை அழைத்து "எதைப் புதுப்பித்தீர்கள்?" என்று கேட்டேன். முதல் ஆள், "மேடம், எல்லாமே" என்றார். எல்லாம் என்றால் என்னென்ன என்றேன், "சாஃப்ட்வேர்" என்றார். இரண்டாவது ஆள் இணைப்பைத் துண்டித்துவிட்டார். மெயின்கார்டு கேட் கடைக்காரர்தான், "பேட்டரி மாற்றியிருக்கிறேன், காம்போ கைவைக்கவில்லை, வேறு ஒன்றும் செய்யவில்லை" என்று சொன்னார். சனிக்கிழமை போகிறேன்.

ஆரி ஊசி

போய் வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி நடந்தே போனேன். தம்பியையும் கணவரையும் வேண்டுமென்றே அழைத்துப் போகவில்லை. பையில் வாடாமல்லி, எம்.எஸ். புளூ, மாம்பழ மஞ்சள் பட்டுத் துண்டுகள், ஜர்தோசி வேலை முடித்த ஒரு கை, வெள்ளைத் துணி. முதலில் பக்கத்துப் பெரிய கடையில் காட்சிக்கு வைத்த ஏ17இல் எடுத்தேன். வாசலுக்குக் கொண்டுவர விடவில்லை, சங்கிலி போட்டிருந்தது. கடைக்குள் இருந்த வெளிச்சத்தில் நிறம் சுமார். பிறகு எஸ்23 கடை. அங்கேயும் உள்ளே எடுத்தால் வாடாமல்லி சிவப்பை நோக்கித்தான் சாய்ந்தது! ஸ்டுடியோ ஐயாவை நினைத்துக்கொண்டேன். கடைக்காரரிடம் கேட்டு வாசல் படிக்கு வந்து எடுத்தேன், நிறம் நின்றது. சாயங்காலம் தெரிந்த பெண் ஒருத்தியின் ஏ17ஐ வாங்கி அவள் வீட்டு வாசலில் எடுத்தபோதும் ஏறக்குறைய அதே நிறம். நிறத்துக்காக ஏழாயிரம் அதிகம் கொடுப்பது வீண் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் ஜர்தோசிக் கையை எடுத்தபோது கதை மாறியது. ஏ17இல் நெருக்கமாக எடுக்கும் கேமரா 2 மெகாபிக்சல். அதற்குத் துணியை ஒட்டிப் போக வேண்டும், என் கையின் நிழலும் போனின் நிழலும் கம்பி வேலையின் மேல் விழுகிறது. எஸ்23இல் மூன்று மடங்கு ஜூம் வைத்து ஓரடிக்கும் அதிகமாகத் தள்ளி நின்றே எடுத்தேன். நிழல் இல்லை. ஒவ்வொரு சுருளும் தனித்தனியாகத் தெரிந்தது. கூலி கேட்கும்போது நான் காட்ட வேண்டியது அந்தச் சுருளைத்தான். "இதற்கா நாலாயிரம்?" என்பவர்களுக்கு அதுதான் பதில்.

கடைக்காரர் முதலில் காட்டிய போனில் *#0*# அடித்துச் சிவப்பு வைத்தேன், கீழே கீபோர்டு நிழலாகத் தெரிந்தது. அவரே எட்டிப் பார்த்துவிட்டு, "நான் கவனிக்கவில்லையே அக்கா" என்றார். உண்மையா நடிப்பா தெரியாது. உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தார், 256 ஜி.பி., பின்பக்கம் ஒரு மூலையில் கீறல். நிழல் இல்லை, கைரேகை ஐந்துக்கு ஐந்தும் எடுத்தது. 14422க்கு அனுப்பினேன், மாடல் சரியாக வந்தது, தடை எதுவும் இல்லை. பெட்டி எண்ணும் ஒத்துப்போனது. கீறலைக் காட்டி 25,800க்குக் கேட்டேன். கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டுச் சரி என்றார்.

பில்லில் எழுதச் சொன்னேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு பேனாவை எடுத்து, "பேட்டரி மாற்றப்பட்டது. டிஸ்பிளே மாற்றப்படவில்லை. ஆறு மாதம் கடை பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார். இப்படி எழுதி வாங்கிய முதல் ஆள் நான்தானாம்.

வீட்டில் தம்பி வெற்றிக்களிப்பில் இருக்கிறான். கணவர் கணக்குப்பிள்ளை ஐயாவின் வகுத்தலைக் காகிதத்தில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்.

கணக்குப்பிள்ளை

25,800ஐ 26ஆல் வகுத்தால் 992. ஆயிரத்துக்குக் கீழே வந்துவிட்டது. அந்தக் காகிதத்தைத் திருத்தச் சொல்லுங்கள்.

மேலூர்க்காரன்

வாழ்த்துகள். ஆனாலும் சொன்னதைச் சொல்வேன். வாரண்டி ஜூனில் முடிகிறது. ஆடியில் இந்த இழைக்கு வந்து கேட்கிறேன்.

ஆரி ஊசி

ஆடியில் எனக்கு வேலை குறைவுதான் அண்ணா, சாவகாசமாகப் பதில் எழுதுகிறேன். சி.ஆர்.ஐ. பல்பு இரண்டு வாங்கிவிட்டேன். முதல் படம் இத்துடன் இணைத்திருக்கிறேன். எம்.எஸ். புளூ, முதுகில் மயில்.

சாலிடர் கம்பி

மயிலின் கண்ணில் வைத்த கல் வரைக்கும் தெரிகிறது. வழக்கமான சந்தேகம் ஒன்று: சார்ஜர் 25 வாட் ஒரிஜினல்தானே வாங்கினீர்கள்? பேருந்து நிலைய வாசலில் நூறு ரூபாய்க்கு விற்பதை இல்லையே?

ஆரி ஊசி

ஒரிஜினல்தான். பவுச் மட்டும் வாசலில் வாங்கினேன்.

பூவரசு

அக்கா, அந்த மயில் ரவிக்கைக்குக் கூலி எவ்வளவு? தங்கைக்குத் தையில் கல்யாணம்.

ஆரி ஊசி

தனிச்செய்தியில் சொல்கிறேன் தம்பி. துணி என்ன நிறம் என்று மட்டும் எழுதுங்கள். படம் அனுப்புவதானால் ஜன்னலோரம் வைத்து எடுங்கள்.